வீட்டுக்காரர் அனுப்பிய ஆள்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கசிகிற குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான், அந்த வீட்டின் சொந்தக்காரிக்குத் தான் யார் என்பதே தெரியவந்தது.

"ஓனர் சார் உங்களப் பத்திச் சொல்லியிருக்காருங்க" என்றாள் குடியிருக்கும் பெண். "தூரத்துச் சொந்தமாமே? பாத்துக்க யாரும் இல்லன்னு அவர்தான் வேலை போட்டுக் குடுத்தாராம். இந்தக் காலத்துல யாருங்க இப்படியெல்லாம் செய்வாங்க?"

"எந்த சாரு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! உங்கள அனுப்புனவருதான்."

அனுப்பினவன் அவளுடைய தம்பி. கூடப் பிறந்த தம்பி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நீராவியில் வெந்து அவள் ஒவ்வொன்றாக வாங்கிய வீடுகள் மூன்று. வாடகைக்கு விட்ட பிறகு ஆளைக் கூப்பிட்டுக் கட்டுப்படியாகாமல், குழாய், பூட்டு, சுண்ணாம்பு எல்லாம் தானே கற்றுக்கொண்டாள். கை ஓடிய அளவுக்கு வாய் ஓடவில்லை. குடியிருப்பவர்களிடம் கறாராக நாலு வார்த்தை பேச வராது. அந்தச் சமயம் பார்த்துத் தம்பிக்கு வேலை போயிற்று. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவனைப் பார்க்கப் பொறுக்காமல் சாவிக்கொத்தை அவன் கையில் வைத்தாள். "பேச்சு உன்னோடது, வேலை என்னோடது" என்றாள். அவன் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து உச்சி குளிர்ந்துபோனாள். பழைய சேலையும் கருவிப் பையுமாகப் போகிறவளை யாரும் நீ யாரென்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் சொல்லியிருப்பான் என்று இருந்துவிட்டாள். சொல்லித்தான் இருக்கிறான், மகராசன்.

ஓனர் என்று சொல்லிக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம், ஆசை யாரை விட்டது. நாதியற்றவள் என்று எப்படி அவனுக்கு நாக்குப் புரண்டது? எழுந்து, இது என் வீடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளையிலிருந்து அவன் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. மறுபடி வீட்டுக்குள் போய் முடங்கிக்கொள்வான். சொல்லாவிட்டால், சாகும்வரை அவள் அவன் போட்ட வேலைக்காரி.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வாங்க சார். உங்க ஆள் அப்பவே வந்துட்டாங்க."

தேய்த்த கால்சட்டையின் மடிப்பு அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்பதைத் தவிர வேறெப்படியும் அவன் கூப்பிட்டதில்லை. இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

ஸ்பேனர் அவள் கையில் அப்படியே நின்றது. பிறகு சொன்னாள்:

"இன்னும் இல்லீங்க. இருட்டா இருக்கு. கொஞ்சம் டார்ச்சப் பிடிங்க, ஓனர்."

"ஐயோ, சார் எதுக்குங்க, நான் பிடிக்கறேன்" என்று குடியிருக்கும் பெண் பதறினாள்.

"அவரே பிடிக்கட்டும்."

அவன் ஈரத் தரையில் மண்டியிட்டான். தொட்டிக்கு அடியில் தலையைக் குனித்தபோது இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. வெளிச்சம் குழாயில் நிற்காமல் ஆடியது. ஆடி ஆடி அவள் முகத்தின்மேல் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.