மச்சானின் பத்தொன்பது

கோல்ஃப் ஆட நாலு நாள் கடலோரம் போவது என்று நாங்கள் நால்வரும் முடிவெடுத்து மூன்று வாரமாகியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு செய்திகள். அவற்றில் ஒருமனதாகத் தீர்மானமானது ஒன்றே ஒன்றுதான்: வெயிலுக்குத் தொப்பி வேண்டும்.

பல் டாக்டருக்குத் திங்கட்கிழமை ஆகாது. கடலைப் பார்த்த அறை வேண்டும், ஆனால் அலைச் சத்தம் கேட்கக்கூடாது. மருந்துக்கடைக்காரர் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதுவே அவர் பெயராகி வருடக்கணக்காகிவிட்டது. என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், குழுவில் ஒரு வார்த்தை எழுதமாட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கடல் படம் அனுப்புவார். மற்ற எல்லாம் என் தலையில். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு வேறு வேலையே கிடையாது என்பது மூவரின் அசைக்கமுடியாத நம்பிக்கை.

"இவ்வளவு எரிச்சல்பட்டு எதுக்குப் போகணும்? விட்டுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"உங்க அண்ணனுக்காகத்தான்."



மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் பிழைக்கெல்லாம் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் இருபதாம் தேதி அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆட முடியுமா என்று கேட்டால் எலும்பு டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். அது எங்கள் பார்க்கலாமைவிட மோசமான பார்க்கலாம். கடலை ஒட்டிய அந்த மைதானத்தின் படத்தை மச்சான் தன் பயிற்சிக் காரில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். பத்து வருட வெயிலில் கடல் மஞ்சளாகிவிட்டது.

புதன்கிழமை அந்த மைதானத்துக்குப் போன் செய்தேன். நால்வரின் ஹாண்டிகேப் சான்றிதழையும் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். ஹாண்டிகேப் என்பது ஒருவர் எவ்வளவு மோசமாக ஆடுகிறார் என்பதற்குக் கிளப் கொடுக்கும் முத்திரை. எண் ஏற ஏற ஆட்டம் மட்டம். நாங்கள் மூவரும் முப்பதைச் சுற்றி. மச்சான் பத்தொன்பது.

"இங்க ரெண்டு மைதானம் இருக்கு, சார். உங்க மூணு பேருக்கும் புதுசு. வண்டியிலயே போய் ஆடலாம்" என்றாள் முன்பதிவுப் பெண். "அந்தப் பத்தொன்பது சார் நல்லா ஆடுறவர் போல. அவருக்குப் பழைய மைதானம். அங்க வண்டி கிடையாது, நடைதான்."

"அவரையும் எங்களோடயே விட்டுடக்கூடாதா?"

"புதுசு இருபத்திநாலுக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டுந்தான், சார். டாக்டர் சீட்டு இருந்தா வண்டி தருவோம்."

டாக்டரிடம் போனால் வண்டிக்கு எழுதமாட்டார், கட்டிலுக்குத்தான் எழுதுவார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் ரெண்டு மாசத்துக்கு இடமே இல்ல."

நான் போனை வைத்துவிட்டுக் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் பத்தொன்பது என் கைவேலை.

ஞாயிறுதோறும், பந்தைக் குழியில் சேர்க்க அவரவர் எத்தனை அடி அடித்தார் என்று அட்டையில் எழுதுவது நான்; அடி குறையக் குறைய ஹாண்டிகேப்பும் இறங்கும். இரண்டு வருடம் முன்பு முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும் மச்சானின் ஆட்டம் சரிந்தது. முகமும் சரிந்தது. ஒருநாள், "அந்தக் குழியில ஏழா, எட்டா, மாப்ள?" என்று கேட்டார். எட்டு. நான், "ஆறு, மச்சான்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அட்டையில் அவர் கையெழுத்துப் போடுவார், படிக்கமாட்டார். நானே செய்துகொடுத்த கண்ணாடி அவர் சட்டைப்பையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. என் கணக்கு, போன வருடம் அவருக்கு ஒரு கோப்பையையே வாங்கிக் கொடுத்துவிட்டது. அது பயிற்சிப் பள்ளி மேசையில், கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்தபடி நிற்கிறது. சந்தேகம் வரக்கூடாதென்று என் அடிகளிலும் அவ்வப்போது ஒன்றிரண்டு குறைத்துக்கொண்டேன். தியாகத்தில் கொஞ்சம் கமிஷன்.

கிளப் செயலாளரிடம், "ஒருத்தரோட அட்டையில தப்பா எழுதியிருந்தா என்ன செய்யணும்?" என்று யாரோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆடினவரும் எழுதினவரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடணும். அதை வெச்சு ஜெயிச்ச கோப்பையும் திரும்பி வரணும்" என்றவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யாரு அந்த எழுதினவரு?"

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

வியாழன் காலை மச்சானின் காரில் ஏறினேன். லைசென்ஸ் வைத்திருப்பவன் ஏறினாலும் அவர் ஓட்டமாட்டார். நம்மை ஓட்டவிட்டு, பிரேக்கோடு பக்கத்தில் உட்காருவார்.

"கண்ணாடியப் பாரு. என்னையப் பாக்காத."

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"இண்டிகேட்டர் போட்டுட்டுச் சொல்லு."

சொன்னேன். பாதியில் கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. அவர்தான் மிதித்திருந்தார், அந்தக் காலாலேயே. பின்னால் நாலைந்து ஹாரன்கள். வலியில் அவர் உதடு வெளுத்திருந்தது.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா, மச்சான்."

"நான் பாவம்னு?"

ஸ்டீயரிங்கைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"என்கிட்டப் படிக்க வர்றவன் பத்துத் தடவை வண்டிய நிறுத்தினா, பத்துன்னுதான் சொல்லுவேன். எட்டுன்னு சொல்லி அனுப்பினா அவன் எங்கயாவது போய் இடிப்பான். இப்ப நான் இடிச்சு நிக்கிறேன். எடு வண்டிய."

வீட்டு வாசலில் இறங்கும்போது, "பார்க்கிங் மகா மட்டம்" என்றார்.

அன்று குழுவில் கடல் படம் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. "அண்ணன் என்கிட்டகூட நல்லாப் பேசலையே, என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி. பல் டாக்டர், மெத்தை கடினமாக இருக்குமா என்று விசாரித்திருந்தார். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

செயலாளர் சொன்னதையெல்லாம் மச்சானுக்குக் குரல்செய்தியாக அனுப்பிவிட்டு, வெள்ளி மாலை மூன்றரைக்குக் கிளப் அலுவலகத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு மணிக்குக் காலைச் சாய்த்துச் சாய்த்து மச்சான் வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. அதிலிருந்து கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே போட்டிருந்த குண்டூசிகளைக் கொட்டிக்கொண்டு, "இது என்னோடது இல்ல" என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஹாண்டிகேப் கணக்கில் வரும் கடைசி இருபது அட்டைகளை ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல் படித்தார்.

"இந்தக் குழியில?"

"மூணு குறைச்சேன்."

"இதுல?"

"நாலு."

"நாலா! வெக்கமா இல்ல?"

"இருக்கு, மச்சான்."

செயலாளர் கூட்டிப் பார்த்து, மச்சானின் சரியான ஹாண்டிகேப் முப்பத்தொன்று என்றார். என்னுடையதும் இரண்டு ஏறியது. கோப்பை, இரண்டாவதாக வந்தவருக்கு. அவர் வேறு யாருமல்ல, எங்கள் பார்க்கலாம்தான்.

புதுச் சான்றிதழ்களை அனுப்பிவிட்டு, நாலு ஐம்பத்தைந்துக்கு முன்பதிவுப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "நாலு பேரும் புது மைதானம். ரெண்டு வண்டி."

"யார் யார் எந்த வண்டி, சார்?"

மச்சானைப் பார்த்தேன்.

"நான் பல் டாக்டரோட" என்றார் அவர். என் சட்டைப்பையிலிருந்த, அடிகளை எழுதும் பென்சிலை உருவித் தன் பையில் செருகிக்கொண்டார். "நீ பார்க்கலாமோட ஏறு. நாலு நாளும்."

வீட்டுக்கு வந்து, எல்லாம் உறுதியாகிவிட்டது, தொப்பியை யார் வாங்குவது என்று குழுவில் கேட்டேன். பார்க்கலாம் உடனே பதில் போட்டார். என்ன பதில் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்குக் கீழே மச்சான் ஒரு கடல் படம் அனுப்பியிருந்தார்.