கணக்கு வாத்தியார் எழுதிய பட்டியல்

1944ஆம் வருடம், ஹங்கேரியில் யூதர்களின் வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்வதற்காகக் கணக்கெடுக்க, எங்கள் ஊர் நகராட்சி, பள்ளி ஆசிரியர்களை அனுப்பியது. என் அம்மா பிரோஷ்காவின் வீட்டுக்கு வந்தவர் தோல்னாய். மூன்று வருடம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒன்பது தலையணைகளையும் தட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"ஸ்கூல் எப்ப சார் திறப்பாங்க?" என்று அம்மா கேட்டாள். பதினைந்து வயது அவளுக்கு. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு குடும்பத்தையே நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள்; அந்த வீட்டில் அம்மா ஒருத்திதான் திரும்பி வந்தாள். எழுபதாவது வயதில் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதினாள். அவள் இறந்த பிறகு, பள்ளிப் பாடநூலில் ஓர் அத்தியாயத்தைச் சேர்க்க ஒரு பதிப்பகம் என்னிடம் அனுமதி கேட்டது. பெருமையோடு கையெழுத்துப் போட்டேன்.

அச்சுக்கு முந்தைய படி வந்தது. வாத்தியாரைக் காணோம். 'ஓர் அதிகாரி' தலையணைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

புடாபெஸ்டுக்கு ரயிலேறிப் போய்ப் பதிப்பாசிரியர் ஹார்ஷின் முன்னால் அந்தப் பக்கத்தை வைத்தேன்.

"யாரு தம்பி இந்த அதிகாரி? எங்கம்மா இப்படி ஒருத்தர எழுதவே இல்லையே."

"மேடம், தோல்னாய் குடும்பம் இன்னும் அந்த ஊர்லதான் இருக்கு. ஸ்கூல்ல வருஷா வருஷம் அவர் பேர்ல கணக்குப் போட்டி நடத்தறாங்க."

"அங்க அவர் பேரு இருக்கலாம், இங்க இருக்கக் கூடாதா?"

"சின்னப் பொண்ணோட ஞாபகம்தானே மேடம். ஆதாரம்னு ஒண்ணும் இல்ல. படிக்கற பசங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வர்ற மாதிரி இருந்தா நல்லாருக்கும்."

"முகாம்ல அவ கையில நம்பர் பச்சை குத்தினாங்களே, அதுக்கும் ஆதாரம் கேப்பீங்களா?"

அனுமதியை அன்றே திரும்பப் பெற்றேன்.

ஊர்ப் பள்ளியில் எமெஷெ என்ற இலக்கிய ஆசிரியை இதைக் கேள்விப்பட்டு, அம்மாவின் புத்தகத்தை முழுதாக வகுப்பில் வாசித்தாள். ஒருநாள் என்னையும் கூப்பிட்டாள். பிள்ளைகள் அழுவார்கள், ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். போக்லார்கா என்ற பெண் கை தூக்கினாள்.

"அந்தக் கணக்கு வாத்தியார் எழுதின பட்டியல் இப்ப எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

மாணவர்கள் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் படையெடுத்தார்கள். மூன்றாவது முறை போனபோது கிடைத்தது. அம்மாவின் வீட்டு முகவரி. தலையணை ஒன்பது. அடியில் தோல்னாயின் கையெழுத்து, அழகாக, கோணாமல்.

நகலை ஹார்ஷுக்கு அனுப்பினேன். 'மிக மதிப்புள்ள ஆவணம். ஆனால் நூல் அச்சுக்குப் போய்விட்டது' என்று இரண்டே வரியில் பதில். அம்மாவின் இடத்தில் ஏதோ ஓர் ஏரியைப் பற்றிய பயணக் கட்டுரை வந்திருந்தது.

அந்த வருடம் கணக்குப் போட்டிக்கு எமெஷெயின் வகுப்பிலிருந்து ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தலைமையாசிரியர் போக்லார்காவைக் கூப்பிட்டு மிரட்டினார்.

"போட்டியோட பேர மாத்துங்க சார், வந்து எழுதறோம்," என்றாளாம் அவள்.

அவர் மாற்றவில்லை. எமெஷெக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அவள் இந்த வருடமும் அம்மாவின் புத்தகத்தை வகுப்பில் வாசிக்கிறாள், ஒரு வரி விடாமல்.