ஹீட்டரில் எண்ணெய் வாடை

விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் காலை, மெக்கானிக் தன் பட்டறையில் மனைவியின் காருக்கு அடியில் படுத்திருந்தார். நேற்றுவரை மனைவி. அவளுடைய அப்பா ஓட்டிய பழங்கால வண்டி. இப்போது அவளுக்கே போய்விட்டது. மதியம் அவள் தம்பி வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

அந்த வண்டிக்கு எஞ்சின் பின்பக்கம். இரண்டு பக்கமும் புகைக்குழாயைச் சுற்றித் தகர உறை. அதற்குள் சூடாகும் காற்றுதான் ஹீட்டர் வழியாக உள்ளே வரும். எஞ்சினில் கசிந்த ஆயில் அந்த உறைமேல் சொட்டிச் சொட்டி, கருகி, தார் மாதிரி அப்பிக் கிடந்தது. குளிருக்கு ஹீட்டரைப் போட்டால் வாடையில் வண்டிக்குள் உட்கார முடியாது.

"தலைய வலிக்குது. ஊரான் வண்டியெல்லாம் பாக்குறீங்க, இதப் பாக்க மாட்டீங்களா?" என்று ஏழு குளிர்காலம் கேட்டாள். "அடுத்த வாரம்" என்று ஏழு முறையும் சொன்னார்.

முதலில் கசிவை நிறுத்தினார். வால்வு மூடியின் பழைய கேஸ்கெட் பிஸ்கட் போல நொறுங்கியது, புதிது போட்டார். பிறகு உறைகள் இரண்டையும் கழற்றித் தொட்டியில் போட்டு, கரைப்பான் தெளித்து ஊறவைத்தார்.

மச்சான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான்.

"என்ன மாமா, இன்னும் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இனிமே உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியல."

"தெரியாட்டி கூப்பிடாத. அந்த பிரஷ்ஷ எடு."

இருவரும் குந்தி உட்கார்ந்து தேய்த்தார்கள். கறுப்பு கரைந்து, தகரம் திட்டுத்திட்டாக வெளியே வந்தது.

"அக்கா இதச் செய்யச் சொல்லலையே?"

"சொன்னா. இப்பத்தான் காதுல விழுந்துச்சு."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. "தோணும்போது சொல்றேன்" என்றார்.

வெந்நீரில் அலசி, காற்றடித்து உலர்த்தி, உறைகளை மாட்டினார். வண்டியை வாசலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். மிச்சமிருந்த ஆயில் நீலப் புகையாக எரிந்து அடங்க அரைமணி நேரம் ஆனது. மச்சான் உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டு மூக்கை உறிஞ்சினான்.

"வாடையே இல்ல."

"ரெண்டு நாளைக்குக் கண்ணாடிய லேசா இறக்கி ஓட்டச் சொல்லு."

"நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

"நீ சொல்லு."

வண்டி தெருமுனையில் திரும்பியது. அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. பசித்தது. பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்.