வாசலில் செவலை

உத்திரமேரூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் புற்றுநோய் வார்டுக்கு ஒரு நாயைக் கூட்டி வந்தார்கள். நோயாளிகளுக்கு ஆறுதலாக இருக்குமாம். பொன்னிற முடியும் தொங்கும் காதுமாக இருந்த அது, நேராகத் தாண்டவராயன் கட்டிலுக்கு வந்து அவர் மார்பில் தலையைச் சாய்த்தது.

தாண்டவராயன் சிரித்தார்.

அவர் மனைவி வளர்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் படுத்த நாளிலிருந்து பீ, மூத்திரம் அள்ளி, கஞ்சி ஊட்டி, கால் அமுக்கிவிடுபவள் அவள். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று திரும்பிக்கொள்ளும் மனுஷன், யாரோ வளர்த்த நாயிடம் பல்லைக் காட்டுகிறார். ஆனாலும் அந்தச் சிரிப்பை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

மேனேஜர் அரவிந்தன் போட்டோ எடுத்து முடித்தான். "போதும், அடுத்த பெட்டுக்குப் போலாம்."

தாண்டவராயன் நாயின் கழுத்தை விடவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டுமே சார்."

அரவிந்தன் சிரித்தபடியே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

"கைய எடுடா!" வளர்மதி போட்ட சத்தத்தில் நாயே மிரண்டு பின்வாங்கியது.

"மரியாதையா பேசுங்கம்மா. அடுத்த மாசம் மறுபடியும் வரும்."

"அடுத்த மாசம் இவுரு இருப்பாரா? இந்த வாரம் தாண்டாதுன்னு உங்க டாக்டர்தான சொன்னாரு!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதுவரை அவருக்குத் தெரியாமல் வைத்திருந்த விஷயம் அது. தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார்.

வளர்மதி வராந்தாவுக்குப் போய், தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பிறகு சாலவாக்கத்திலிருந்த கொழுந்தன் ஜெகனுக்குப் போன் போட்டாள்.

"நம்ம செவலைய வண்டில ஏத்திக்கினு வா."

"இன்னா அண்ணி, ஆஸ்பத்திரிக்கு மாட்டையா?"

"சொன்னத செய்யி."

கன்றிலிருந்து தாண்டவராயன் கையில் வளர்ந்த பசு அது. மறுநாள் காலை வண்டி வாசலில் நின்றதும் அரவிந்தன் ஓடி வந்தான்.

"மாட்டையெல்லாம் உள்ள விட முடியாது. கிருமி தொத்தும்."

"உள்ள வேணாம். அவுர வெளிய கூட்டியாறேன்."

"டாக்டர் சம்மதிக்கணும்மா."

"நேத்து போட்டோ புடிக்க யார் கிட்ட சம்மதம் கேட்ட?"

அவன் வாயைத் திறப்பதற்குள், டாக்டரைக் கேட்டுவிட்டு வந்திருந்த நர்ஸ் இளமதி தாண்டவராயனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

செவலை அவரை மோந்து பார்த்தது. மருந்து வாடைக்கு ஒருமுறை சீறிவிட்டு, முடி கொட்டிய தலையை நக்கத் தொடங்கியது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"பயமாக்கீதுடி," என்றார் மாட்டின் காதில். "ரொம்ப பயமாக்கீது."

வளர்மதிக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. "இத எங்கிட்ட சொன்னா இன்னாய்யா? மாட்டுக்கு இருக்கிற காது எனக்கு இல்லியா?"

"நீ அழுவியே."

"அழுவேன்! அதுக்கின்னா இப்ப? ரெண்டு பேருமா அழுதா ஆவாதா?"

தாண்டவராயன் ஒரு கையை மாட்டின் மேலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

மிச்சமிருந்த நாட்களில் இருவரும் நிறையப் பேசினார்கள். சண்டையும் போட்டார்கள். அந்த வாரக் கடைசியில், பட்டப்பகலில், அவர் போனார். இவ்வளவு பேச்சையும் கடைசிக்கு வைத்தாரே என்ற கோபம் மட்டும் வளர்மதிக்கு அடங்கவே இல்லை. அவரை வண்டியில் ஏற்றும்போதும் திட்டிக்கொண்டேதான் ஏற்றினாள்.