ஒரே சட்டிக் கஞ்சி

சாவிக்காரர் வீட்டில் பதினோரு வருடம் அடுப்பு எரியவில்லை. விறகு வாங்க வழியில்லாத அந்நாட்களில் சட்டியில் அரிசியும் தண்ணீரும் போட்டு மூடிவைப்பார்கள். அவர் கண்ணை மூடி நீளமாக ஜெபிப்பார், மனைவி ஆமென் சொல்வாள், கஞ்சி கொதித்திருக்கும். இருவரும் சட்டியிலிருந்தே குடிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையின் பாலைக் கொண்டுவந்து சட்டியோரம் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போவாள். ஞாயிறுதோறும் அவர் கோயிலில் எழுந்து நின்று, "இருக்கிறது போதும்னு இருந்தா அடுப்பு எதுக்கு?" என்று சாட்சி சொல்வார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர் தலைகுனிந்து நிற்பார். அப்படி நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு புதிய மருத்துவமனையின் நானூறு கதவுகளுக்கும் பூட்டுச்சாவி செய்யும் வேலை வந்தது. மாடி வந்தது, எரிவாயு அடுப்பு வந்தது, மேசையும் ஆளுக்கொரு தட்டும் வந்தன. வினை தட்டில்தான் இருந்தது. ஆவி பறக்க வைத்த சோறு, அவர் ஜெபித்து முடிப்பதற்குள் சில்லிட்டுப் போனது. குழம்பில் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார், கனமான தட்டு வாங்கினார். எதிரே மனைவி ஒவ்வொரு கவளத்தையும் ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு வருடம் போனது. கோயிலில் பின்வரிசைக்கு மாறினார்.

சபையின் ஆண்டுவிழாவில் பழைய சாட்சியைச் சொல்லும்படி கேட்கப் போதகரே ஒரு மதியம் சாப்பிட வந்தார். ஜெபம் முடிந்ததும் போதகர் சாவிக்காரரின் தட்டை எட்டிப் பார்த்து, "என்னங்க, நேத்து வச்ச குழம்பா?" என்று சிரித்தார்.

விசிறியின் மேல் பழி போட்டிருக்கலாம். சாவிக்காரருக்குக் காதுமடல் எரிந்தது. "அந்தச் சாட்சி என்னுது இல்லீங்க ஐயா. கஞ்சிய இவதான் கொதிக்க வச்சா. நான் சும்மா கண்ண மூடிட்டு இருந்திருக்கேன்."



"அப்பவே தெரியும்," என்றாள் மனைவி, உப்பை நகர்த்தியபடி. "சட்டியில உங்க பக்கம் எப்பவும் ஆறித்தான் இருக்கும். நான் கிண்டி விட்டுருவேன்."

"ஏன் சொல்லல?"

"பசியோட இருந்தீங்க."

ஆண்டுவிழாவில் யாரோ வேறொருவர் சாட்சி சொன்னார். அந்த வீட்டில் இப்போது இருவருக்கும் ஒரே தட்டுதான். ஜெபம் ஒற்றை வரியாகிவிட்டது. அவர் பக்கம் இன்னும் ஆறித்தான் இருக்கிறது. சாப்பிடுமுன் அவள் கிண்டி விடுகிறாள்.