அவனுக்குத் தெரிந்த ஒரு வாக்கியம்

அந்த நாட்டின் பெயர் காதில் விழுந்தாலே திலீப் எழுந்து வெளியே போய்விடுவான். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி அங்கே போனவன் அவன். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, முள்வேலி போட்ட ஒரு கட்டடத்தில் அடைத்தார்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்குப் போன் செய்து ஏமாற்றுவதுதான் வேலை. அவன் மறுத்தபோது கையில் கரண்ட் வைத்தார்கள். கடைசியில் அவனும் போனை எடுத்துப் பேசினான். அந்த ஊர் போலீஸ் கட்டடத்தை வளைத்த அன்று தப்பித்து வந்தவன், சித்தூரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் சேர்ந்தான். பிறகு ரக்ஷிதாவைக் கல்யாணம் செய்துகொண்டான். "கம்பெனிய மூடிட்டாங்க" என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தான். உண்மையைச் சொன்னால், ஏமாற்றியவன் என்று தன்னையே பிடித்து உள்ளே போடுவார்களோ என்ற பயம் அவனுக்கு.

ரக்ஷிதா திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அந்த நாட்டுத் தூதரகம் அதே கல்லூரியில் ஒரு கலை விழா நடத்தியது. சினிமா, இசை, சாப்பாடு எல்லாம் உண்டு. ஊழியர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

"அங்க உங்களுக்கு இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லவும் மாட்டீங்க. அந்த ஊர்லயும் நல்லது நாலு இருக்கும். ஒரு தபா வந்து பாருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவனால் மறுக்க முடியவில்லை.

அரங்கத்து வாசலிலேயே அவன் நின்றுவிட்டான். மீன் சாறும் எலுமிச்சைப் புல்லும் சேர்ந்து கொதிக்கும் வாசனை. அந்தக் கட்டடத்தில் தினமும் இரண்டு வேளையும் அதே வாசனைதான். ரக்ஷிதாவின் தம்பி யோகேஷ் ஓடி வந்து, "மாமா, நீங்களும் வந்துட்டீங்களா!" என்று கையைப் பிடித்தான். அதே கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவன். புதுச் சட்டை போட்டிருந்தான்.

விளக்குகள் அணைந்து படம் தொடங்கியது. அகலமான ஆறு, படகுப் போட்டி, பூ விற்கும் பெண்கள். எல்லோரும் ரசித்தார்கள். திலீப் மட்டும் ஒவ்வொரு காட்சியிலும் மூலையில் முள்வேலி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். நாற்காலிக் கையை அவன் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, ரக்ஷிதா தன் கையை அதன்மேல் வைத்தாள்.

அப்போதுதான் பின்வரிசையில் யாரோ தணிந்த குரலில் போன் பேசுவது கேட்டது.

"ஏம் காது, தம்முடு. நேனு சூசுகுண்டானு."

ஒன்றும் ஆகாது தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன். அடி வாங்கிய முதல் நாள், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய போனில் திலீப் தன்னை அனுப்பிய ஏஜென்ட் சிட்டிபாபுவைக் கூப்பிட்டு அழுதபோது இதே குரல், இதே வார்த்தைகளைத்தான் சொல்லியது. அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. படம் முடியும்வரை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டான்.

விளக்கு வந்ததும் பார்த்தான். சிட்டிபாபுவேதான். கோட்டு போட்டு, விழா ஒருங்கிணைப்பாளர் என்று பேட்ஜ் குத்தியிருந்தான். சாப்பாட்டு மேசைப் பக்கம் போனவன் தட்டோடு நேராக இவனிடம் வந்தான்.

"திலீப் தானே? நல்லா இருக்கியா? துன்னு, நீ பழகுன சாப்பாடுதானே" என்று தட்டை நீட்டினான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நகரியில உங்க நைனா தினமும் தனியாத்தான் தறிக்குப் போய்க்கினு வராரு. வயசான மனுஷன். ரோட்ல லாரிங்க வேகமா வருது. நீ எதுக்கும் வாயத் தொறக்காம இரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். திலீப் தட்டை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. வெளியே வந்து சுவரோடு சாய்ந்துகொண்டான். ரக்ஷிதா தேடிக்கொண்டு வந்தாள்.

"இன்னாங்க ஆச்சு?"

"வா, போயிடலாம். இப்பவே பஸ்ஸ புடிச்சிடலாம்."

"யோகேஷ் கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். அவனுக்கு அங்க வேலை வாங்கித் தரேன்னு அந்தக் கோட்டுக்காரர் சொல்லியிருக்காராம். உங்க கிட்ட அப்புறம் சொல்லலாம்னு இருந்தான். பாஸ்போர்ட்டக்கூட எடுத்துக்கினு வந்திருக்கான்."

ஓடிவிட வேண்டும் என்றுதான் திலீப்பின் கால்கள் துடித்தன. ஆனால் திரும்ப உள்ளே போனான்.

மேடையில் மூங்கில் வாத்தியம் தொடங்கியிருந்தது. ஓரத்தில் யோகேஷ் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டிருந்தான். சிட்டிபாபுவின் விரல்கள் அதைத் தொட்டுவிட்டன. திலீப் பாய்ந்து அதைப் பிடுங்கினான்.

"மாமா! இன்னா பண்றீங்க?"

"இவன நம்பாத யோகேஷ். என்னை அங்க அனுப்பினவன் இவன்தான்."

"குடிச்சிருக்கான் போல" என்று சிட்டிபாபு பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னான். வாத்தியம் நின்றது. பிரின்சிபால் கோபமாக வந்தார். முன்வரிசையிலிருந்து தூதரகத்துப் பெண் அதிகாரி எழுந்து வந்து, என்ன பிரச்சினை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திலீப்புக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும், அவருடைய மொழியில் அவனுக்கு முழுசாகத் தெரிந்த ஒரே வாக்கியம் தானாக வெளியே வந்தது.

ஓடாதே, ஓடினால் காலை உடைப்பேன்.

காவலாளிகள் சொன்ன அதே இழுவையோடு சொன்னான். அந்த அதிகாரியின் முகம் வெளுத்தது. அரங்கத்தில் வேறு யாருக்கும் அது புரியவில்லை.

"இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவன் சட்டைக் கையை மேலே தள்ளி, கரண்ட் வைத்த தழும்புகளைக் காட்டினான். பிறகு பேச்சு வந்தது. ஆங்கிலமும் தமிழும் தெலுங்குமாக எல்லாவற்றையும் சொன்னான். கட்டடம், அடி, சிட்டிபாபு எடுக்காமல் விட்ட போன். தன் வாயால் ஏமாந்தவர்களைப் பற்றியும் சொன்னான். யோகேஷ் அவன் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

சிட்டிபாபு போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை. அவன் விழாவுக்காக உள்ளூரில் அமர்த்திய ஆள், எங்களுக்கு வேறெதுவும் தெரியாது என்றார் அதிகாரி. தன் நேரடி நம்பரை எழுதிக் கொடுத்தார். "அந்த மாதிரி இடங்கள் இன்னும் இருக்கின்றன" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ரக்ஷிதா அவன் கையைப் பிடித்துத் தழும்புகளைத் தடவிக்கொண்டே வந்தாள். புத்தலப்பட்டு தாண்டியதும், "என் கிட்டக்கூட சொல்ல மாட்டீங்களா?" என்றாள்.

"பயம்."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் சித்தூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் திலீப்பைச் சாட்சியாகத்தான் எழுதிக்கொண்டார். போலீஸ் போனபோது சிட்டிபாபுவின் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அவன் இன்னும் சிக்கவில்லை. திலீப் தன் நைனாவை வற்புறுத்திச் சித்தூருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவரோ தறியை விட்டுவிட்டு வந்ததற்காகத் தினமும் திட்டுகிறார். கடை வாசலில் பைக் நின்றால் திலீப் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறான்.

செய்தி பேப்பரில் வந்த வாரம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அடித்து ஓயும்வரை விட்டுவிட்டான். மறுபடி வந்தபோது எடுத்தான்.

"கங்காதர நெல்லூர்லேருந்து பேசறேன்பா. ஜெயம்மா. பேப்பர்ல உன் சேதியப் பாத்துட்டு நம்பர் வாங்கினேன். எம் புள்ள கமலக்கண்ணன் அங்கதான் இருக்கானாட்டம் தெரியுது. போனே பண்றதில்ல." அந்தப் பெண் அழத் தொடங்கினாள். "அங்க சோறு போடுவாங்களாப்பா?"

திலீப் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தான்.

"போடுவாங்கம்மா. அழுவாதீங்க. அந்தத் தூதரகத்தம்மா நம்பர் என் கிட்ட இருக்குது. உங்க புள்ள போட்டோவ எடுத்துக்கினு வாங்க, நானே பேசறேன்" என்றான்.