நவமணியின் மூன்று அண்ணன்மார்

நவமணி கணவனின் தாடையைச் சேர்த்துத் துணியால் மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற போலீஸ் கார்ப்ரல் ரெங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிக்குள்ள தூக்கணும்மா. சொந்தக்காரங்க மட்டும்தான். தூக்க ஆள் இல்லன்னா உரம் ஏத்துற லோரியில போடச் சொல்லி உத்தரவு."

அவள் கணவன் உடையப்பன், ரப்பர் தோட்டத் தொழிற்சங்கத்தின் செயலாளர். மலாயாவில் வெள்ளைக்காரனின் அவசரகாலம் வந்ததும் சங்கத்தைத் தடைசெய்து அவரையும் பிடித்துப் போனார்கள். ஒன்பது மாதம் கழித்து இருமலோடு திருப்பிக் கொடுத்தார்கள். அவர் இறந்த சேதி பரவியதும் சங்கத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டுவிட்டது. லயத்து வீடுகளில் ஒரு கதவும் திறக்கவில்லை. வந்தவர் பெயர் கார்ப்ரலின் நோட்டில் ஏறும். ஏறினால் நாடுகடத்தல், இந்தியாவுக்குக் கப்பல். பாடையருகே கொழுந்தன் முருகையா மட்டும் நின்றான்.

இரண்டேமுக்காலுக்கு மூன்று பேர் வந்தார்கள். சிங்கப்பூர் துறைமுகத் தொழிலாளிகள். அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது உடையப்பன் தோட்டத்தில் அரிசி சேர்த்து அனுப்பியிருந்தார். முருகையா முந்தின நாள் அடித்த தந்தி கண்டு ராத்திரியே ரயிலேறியிருக்கிறார்கள். நவமணி அவர்களைப் பார்த்ததே இல்லை.

"யாரு இவங்க?" என்றார் கார்ப்ரல்.

சொந்தமில்லை என்றால் மூவரும் லாக்கப்பில். பொய் என்று தெரிந்தால் அவளும்.

"எங்க அண்ணமாருங்க" என்றாள் நவமணி.

கார்ப்ரல் பெயர் கேட்டு எழுதினார். நாராயணசாமி. இனாயத்துல்லா. மூன்றாமவன் சீனன்; அவன் பெயரில் பேனா நின்றது. ஆ லெங்.

"ஒரே அப்பனுக்கா?"

"எங்கப்பா பினாங்கு, கிள்ளான், ஈப்போன்னு மூணு ஊர்ல வேல செஞ்சாரு. மேல கேக்காதீங்க சார்."

அவள் அப்பா பக்கத்து ஊரான பத்தாங் பெர்ஜுந்தாயைத் தாண்டப் பயந்தே காலம் முடித்தவர்.

கார்ப்ரல் ஆ லெங்கைப் பார்த்தார். "அண்ணன்னா கோடி போடணும்லா. தாலி அறுக்குற தங்கச்சிக்குப் பொறந்த வீட்டுத் துணி. போடச் சொல்லு."

இனாயத்துல்லா ஆ லெங்கின் காதில் மலாய் மொழியில் ஏதோ முணுமுணுத்தான். ஆ லெங் கழுத்துத் துண்டை உருவி அவள் தலையில் போட்டான். துண்டில் தாரும் வேர்வையும் மணந்தன.

"கோடின்னா புதுசால்ல இருக்கணும்."

"எங்க வீட்டுல இதான் வழக்கம்."

கார்ப்ரல் மூன்றாவது பெயருக்கு எதிரே, அண்ணன் என்று எழுதினார்.

மூவரும் முருகையாவும் பாடையைத் தூக்கினார்கள். ஆ லெங் மற்றவர்களைவிட ஒரு சாண் குட்டை. அவன் பக்கம் பாடை சரிந்தது. உடையப்பனின் தலை புரண்டது. அவள் வாய் திறப்பதற்குள் மற்ற மூவரும் அவன் உயரத்துக்கு முழங்காலை மடக்கினார்கள்.

ரப்பர் மரங்கள் மறைக்கும்வரை அப்படியே நடந்தார்கள்.